இரண்டாவது பெயர்

கல்முனை, 1984

மச்சானுக்கு ஸலாம்.

உங்கள் வங்கியும் அந்தப் பெரிய வங்கியும் ஐரோப்பாவில் ஒன்றாகிவிட்டன என்று சந்தோஷமாக எழுதியிருந்தீர்கள். கொழும்புக் கிளையின் புதிய பெயர்ப்பலகையைப் பத்திரிகையில் பார்த்தேன். உங்கள் வங்கியின் பெயர் இரண்டாவதாக இருக்கிறது.

பேராதனையில் நான் படித்த பொருளியலில் இந்த வரலாறு நிறைய இருந்தது. ஐரோப்பிய வங்கிகள் சேரும்போது பலகையில் இரண்டு பெயரும் இருக்கும். சில வருடங்களில் இரண்டாவது பெயர் காணாமல் போகும். அந்தப் பெயருக்காக உழைத்தவர்கள் அதற்கு முன்பே போயிருப்பார்கள். உங்கள் வேலையைப் பற்றி நீங்கள் ஒரு வரியும் எழுதவில்லை. நானும் கேட்கவில்லை.

நேற்று உங்கள் தம்பி உதுமாலெவ்வை வந்தார். தன் காக்காவான உங்களைப் பற்றித்தான் பேச்சு.

"மதினி, காக்காட பேங்கே சேந்திட்டு. உங்கட வீட்ட இடிச்சி பக்கத்தில இருக்கிற எங்கட கடையோட சேப்பமே? காக்காவும் ஓம் எண்டிட்டார். அவருக்குக் கடையில இருக்க ஒரு கதிரை போடுறன். கடைப் பலகையில உங்கட பேரையும் எழுதுறன்."

"எத்தனையாவது பேரா, தம்பி?" என்று கேட்டேன். தேநீரைக் குடிக்காமலே போய்விட்டார்.

இது உம்மா எனக்குச் சீதனமாகத் தந்த வீடு. நாளை நம் மகளுக்குப் போகும். இதை எதனோடும் சேர்க்கமாட்டேன். நீங்கள் ஓம் சொன்னாலும் மாட்டேன்.

கொழும்பு அறையைக் காலிசெய்துவிட்டு வாருங்கள். மாப்பிள்ளையாக ஒரு பெட்டியோடு இந்த வீட்டுக்கு வந்தபோதும் உங்களுக்கு வேலை இருக்கவில்லை. அன்று யாரும் உங்களை ஒரு வார்த்தை கேட்கவில்லை. இன்றும் கேட்க விடமாட்டேன்.

உங்கள் மனைவி