பூசாத முகப்பு

12 மார்ச் 1961, ஞாயிறு

சண்டிகரில் அந்தப் பிரெஞ்சுக்காரர் எழுப்பியிருக்கும் தலைமைச் செயலகத்தைப் பார்த்துவிட்டு வந்த கட்டிடக் கலை படித்த என் மச்சினன் ராஜு, உறையூரில் எங்களுக்காகத் தான் கட்டும் முதல் வீட்டின் கான்கிரீட் முகப்பைப் பூசாமலே விட்டிருந்தான். போகிறவர் வருகிறவரெல்லாம் "வேலை எப்பங்க முடியும்?" என்று கேட்டதில் எனக்கு மானம் போயிற்று. அவன் மெட்ராஸ் போன சமயம் பார்த்து, பூசி வெள்ளையடித்து, கோயில் மதில்போலக் காவிப்பட்டையும் போடவைத்தேன்.

இன்று வந்து பார்த்தான். "வார்ப்புப் பலகையோட ரேகை கான்கிரீட்ல அப்படியே பதியணும்னு கூடவே நின்னு வார்த்தேன் அத்தான்" என்றான். அவ்வளவுதான். திட்டியிருந்தால் தேவலை.

சாயங்காலம் நானே கொத்துக்கரண்டியால் பூச்சைச் சுரண்ட உட்கார்ந்தேன். உள்ளங்கை அகலம் தெரிவதற்குள் இடுப்பு விட்டுவிட்டது. மரத்தின் முடிச்சுகூட அதில் பதிந்திருந்தது. அழகாகத்தான் இருக்கிறது. அவனிடமே சொன்னேன்.

ராஜு இன்னொரு கரண்டியோடு பக்கத்தில் உட்கார்ந்தான். "மெதுவா அத்தான், கான்கிரீட்டுக்கு வலிக்கப் போவுது" என்றான்.

என் விரல்களைப் பற்றி யாரும் கேட்கவில்லை. பேனாவைப் பிடிக்க முடியவி…