அக்கா கேட்டதும் நான் சொன்னதும்

என் அன்பு அத்தான்,

இதை எழுதவே கூச்சமாக இருக்கிறது. போன ஞாயிறு தீயணைப்பு நிலையத்தில் உங்களுக்கு அஞ்சலிக் கூட்டம் வைத்தார்கள். உங்களோடு சம்பளமில்லாமல் தீயணைத்த தொண்டர்கள் எல்லோரும் சீருடையில் நின்றார்கள்.

என் ஆராய்ச்சியைப் பற்றி நீங்கள் விரும்பிக் கேட்பீர்கள். இந்த ஜெர்மன் ஊர் தனிக் குடியரசாக இருந்த காலத்தில், குடிமகன் என்றால் சொந்த ஈட்டியோடு மதில் காக்க வேண்டும். ஆண்டுக்கொருமுறை சதுக்கத்தில் கூடிச் சத்தியம் செய்ய வேண்டும். அவனுக்குத்தான் நகரசபையில் குரல். குடியுரிமை இல்லாதவர்களும் காவல் நின்றார்கள், தீயணைத்தார்கள். சத்தியம் செய்யும் நாளில் மட்டும் அவர்களுக்கு இடமில்லை. இதைச் சொன்னபோது நீங்கள் சிரித்தீர்கள்.

"அப்ப நானும் அந்தக் காலத்து ஆள்தான், மச்சான்."

யாழ்ப்பாணத்தில் வீட்டோடு எரிந்த பிறப்புச் சான்றிதழைக் கேட்டே உங்கள் குடியுரிமையை இழுத்தடித்தார்கள். "வரும் அத்தான், பொறுங்கோ" என்று நான் சொல்லிக்கொண்டிருந்தேன். எனக்கு வந்துவிட்டது. உங்களுக்கு மாரடைப்பு வந்தது.

கூட்டத்தில் மேயர், "இவர் நம் நகரத்தின் உண்மையான குடிமகன்" என்றார். அவர் டொச் மொழியில் சொன்னதை அக்காவுக்கு மொழிபெயர்த்துச் சொன்னேன்.

"அப்ப ஏன் அவரை ஒருக்காலும் வோட்டுப் போட விடேல்லை எண்டு கேள்" என்றா அக்கா.

மேயர் என் முகத்தைப் பார்த்தார். எனக்குக் குடியுரிமைப் பத்திரம் தந்து கைகுலுக்கியவர் அவர். "அக்கா உங்களுக்கு நன்றி சொல்கிறார்" என்றேன். அவர் கண்கலங்கி அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

காரில் அக்கா ஜன்னல் பக்கம் திரும்பியிருந்தா.

"நான் சொன்னதை நீ சொல்லேல்லை, என்ன?"

"அஞ்சலிக் கூட்டத்திலை அதை எப்பிடி அக்கா கேக்கிறது?"

"'டாங்க' எண்டா நன்றி எண்டு எனக்குத் தெரியாதே?"

நானூறு வருடத்துக்கு முன் வாய் அடைக்கப்பட்டவர்களைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுகிறேன், அத்தான். பக்கத்தில் இருந்த என் அக்காவின் வாயை அடைத்தது யார்? நீங்களாக இருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள்? திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

இன்றும் கொண்டாடும் அந்தச் சத்தியநாள் விழாவில் இந்த வருடம், மதில் காத்த பழைய குடிப்படை பற்றிப் பேச என்னை அழைத்திருக்கிறார்கள். மேயர் முன்வரிசையில் இருப்பார். நேற்று அக்காவிடம் போய், அவ கேட்டதை அங்கே கேட்கட்டுமா என்றேன்.

"நான் பக்கத்திலை நிண்டு தமிழிலை கேக்கிறன். நீ ஒரு சொல்லும் விடாமல் டொச்சிலை சொல்லு."

சொல்வேன், அத்தான். அவ கேட்டபடியே சொல்வேன்.

தலைகுனிந்து,
உங்கள் மச்சான்