மக்கீனிடம் பெட்டியைக் கொடுத்தனுப்ப வேண்டாம்

கீழ்ப் பிரிவு லயம்,
ஓப்பநாயக்க.
15.02.2004

ஜூலியஸ் அண்ணனுக்கு,

தம்பி எட்வின் எழுதுவது. அம்மா சுகமாக இருக்கிறார். முழங்கால் வலிக்குப் பலாங்கொடையில் கொடுத்த மருந்து கேட்கிறது. மழை இல்லாததால் தேயிலைக் கொழுந்து குறைவு. பீலிக் குழாயில் தண்ணீர் நூல்போல வருகிறது. மேலே ‘அன்புள்ள’ என்று போடவில்லை என்று நினைப்பீர்கள். இரண்டு தாளில் போட்டுப் பார்த்துக் கிழித்துவிட்டேன். இந்தத் தாளில் போடவில்லை.

போன ஞாயிறு போனில் நீங்கள் சொன்னதற்கு அப்போதே பதில் சொல்லியிருப்பேன். கடையில் ஆட்கள் நின்றார்கள், அம்மாவும் பக்கத்தில் இருந்தார். நான் கசெட்டில் அனுப்பிய எங்கள் புதுப் பாட்டை டோஹா கேம்பில் போட்டுக் காட்டினீர்களாம். எல்லோரும் அழுதார்களாம். ‘நான் அனுப்பின கீபோர்ட்ல என் தம்பி போட்ட பாட்டு’ என்று சொன்னீர்களாம். அடுத்த மாதம் லீவில் வரும் மக்கீனிடம் அதைவிடப் பெரிய கீபோர்ட் ஒன்றைக் கொடுத்தனுப்பப் போகிறீர்களாம். அது வந்தால் மாதம் ஒரு பாட்டுப் போடலாமாம்.

அந்தப் பாட்டில் கீபோர்டே கிடையாது. ஒரு கிட்டார், ஒரு ஜோடி தபேலா, என் தொண்டை, அவ்வளவுதான். பதினைந்து வருடம் மேடையில் பாடியவருக்கு அதுகூடக் காதில் விழவில்லையா?

அது எப்படி வந்தது என்று எழுதுகிறேன். பாதியில் மடித்து வைக்காமல் படியுங்கள்.

1997-இல் நீங்கள் வெளிநாடு போன அன்று உங்கள் டிரங்குப் பெட்டியைத் தோளில் வைத்து மெயின் ரோடு வரைக்கும் சுமந்தது இருளப்பன். அது ஞாபகம் இருக்கும் என்று நம்புகிறேன். நம்முடைய குழுவில் நீங்கள் பாட, நான் கிட்டார் வாசிக்க, அவன் தபேலாவும் டோலக்கும் அடித்தான். நீங்கள் போன பிறகு நானே பாடினேன். இருளப்பனும் நானும் சேர்ந்து பதினொரு பாட்டுப் போட்டோம். கல்யாண வீட்டுக்கு, கோயில் திருவிழாவுக்கு, நத்தார் நள்ளிரவுப் பூசைக்கு. கேட்டவர்கள் மறுபடி கேட்டார்கள்.

2000-இல் ஈஸ்டருக்கு முன்னால் முதல் கீபோர்ட் வந்தது. லயத்து ஆட்கள் எல்லோரும் திரண்டு வந்து பார்த்தார்கள். அந்த வாரமே போனில் சொன்னீர்கள்: “தாளமெல்லாம் அதுக்குள்ளயே இருக்குடா. இருளப்பன் இனி எதுக்கு? வேன்ல ஒரு ஆள் எடமும் மிச்சம்.”

சொன்னது நீங்கள். செய்தது நான். அதை மறைக்கவில்லை.

ஜூன் மாதம் பெல்மதுளையில் ஒரு கல்யாணம். கீபோர்டோடு நாங்கள் போகும் முதல் கல்யாணம். இருளப்பனிடம் வர வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று தள்ளிப்போட்டு, கடைசியில் சொல்லவே இல்லை. அவன் வழக்கம்போல வெள்ளைச் சட்டை போட்டு, தபேலாவைத் துணியில் கட்டி, சந்தியில் தேநீர்க்கடைக்கு முன்னால் நின்றான். டிரைவருக்கு அவனைத் தெரியும். “மல்லி, அர அபே கெனா நேத?” என்று கேட்டார். தம்பி, அது நம்ம ஆள்தானே என்று. அவர் வரவில்லை, நீங்கள் போங்கள் என்றேன். சொல்லிவிட்டு, செருப்பு வாரைச் சரிசெய்வதுபோலக் குனிந்துகொண்டேன். நிமிர்ந்தபோது, இருளப்பன் கையைத் தூக்கி நின்றது வேன் கண்ணாடியில் தெரிந்தது.

அன்றைக்கு எல்லோரும் கீபோர்டைப் பாராட்டினார்கள்.

அதற்குப் பிறகு மூன்று வருடம் ஒரு பாட்டுக்கூட வரவில்லை. அந்த மிஷினில் முந்நூறு சத்தம் இருந்தது. பின்னேரம் வேலை விட்டு வந்தால் ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்ப்பேன். வயலின் நன்றாக இருக்கும், அதற்கடுத்த புல்லாங்குழல் அதைவிட நன்றாக இருக்கும். ஒரு மெட்டைத் தொடங்கி, இதற்கு எந்தச் சத்தம் பொருந்தும் என்று தேடப் போனால், திரும்பி வரும்போது மெட்டு மறந்திருக்கும். மிஷின் பழசு, அதனால்தான் வரவில்லை என்று உங்களுக்கு எழுதினேன். நீங்கள் இன்னொன்று அனுப்பினீர்கள். அடுத்து, ரெக்கோர்ட் பண்ணும் மிஷின் இருந்தால் வரும் என்று எழுதினேன். அதையும் அனுப்பினீர்கள். பெட்டியைப் பிரிக்கும் நாளில் பாட்டு வந்துவிட்டது போலவே இருக்கும். இரண்டு வாரம் அந்தச் சந்தோசம் நிற்கும். அப்புறம் பழைய இருட்டு. நான் எழுதிக் கேட்ட ஒரு தடவையாவது, “உனக்கு என்னடா ஆச்சு?” என்று நீங்கள் கேட்டிருக்கலாம். நீங்கள் மொடல் நம்பரைத்தான் கேட்டீர்கள்.

போன வருடம் தோட்டப் பள்ளிக்கூடத்தில் புதுக் கட்டடம் திறந்தார்கள். விஜயகலா டீச்சர் ஜூலையிலேயே வந்து, பிள்ளைகள் பாட ஒரு புதுப் பாட்டு வேண்டும் என்று கேட்டார். இரண்டு வாரத்தில் தருகிறேன் என்றேன். ஒக்டோபர் வரைக்கும் இதோ அதோ என்று அவரை நடக்க வைத்தேன். கடைசியில் நம்முடைய பழைய கல்யாணப் பாட்டையே எடுத்து, வேகத்தைக் குறைத்து, வயலின் சத்தம் வைத்து, சொல்லை மாற்றிக் கொடுத்துவிட்டேன். யாருக்குத் தெரியப்போகிறது என்று நினைத்தேன். பிள்ளைகளுக்குத் தெரிந்திருந்தது, அண்ணன். கல்வி அதிகாரி முன்வரிசையில் இருக்கிறார், ‘அறிவுக் கண்ணைத் திறந்தாரு’ என்று பாட வேண்டிய இடத்தில் ஒரு சின்னப் பிள்ளை பழக்கத்தில் ‘மாப்பிள்ளை வழுக்கி விழுந்தாரு’ என்று இழுத்தது. மற்றப் பிள்ளைகளும் அப்படியே பாடிவிட்டார்கள். மண்டபமே சிரித்தது. டீச்சர் சிரிக்கவில்லை. என்னைப் பார்த்தார், அவ்வளவுதான்.

நான் பின்பக்கம் தண்ணீர்க் குழாயடிக்குப் போய் நின்றேன். அங்கே இருளப்பன் வந்தான். அவன் மகள் அந்தப் பாட்டைப் பாடிய பிள்ளைகளில் ஒருத்தி. அவன் இப்போது பெல்மதுளைப் பக்கம் மாணிக்கக் குழியில் வேலை செய்கிறான். ஆள் பாதியாகியிருந்தான். அவனும் சிரிக்கவில்லை.

“ஒன்னையத் தேடி வரல. தண்ணி குடிக்க வந்தேன்” என்றான். குடித்து முடித்து, வாயைத் துடைத்துவிட்டுக் கேட்டான்: “அன்னிக்கு வேன்ல குனிஞ்சது நீதானே?”

ஆமாம் என்றேன்.

“சரி. நான்தான் தப்பாப் பாத்துட்டேனோன்னு மூணு வருசமா நெனச்சுக்கிட்டு இருந்தேன்” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான்.

அடுத்த ஞாயிறு பூசை முடிந்து நேரே அவன் வீட்டுக்குப் போனேன். உட்காரச் சொல்லவில்லை. மறுபடி வாசிக்க வா என்று வாசலில் நின்றே கேட்டேன்.

“மெசினு பழுதாப் போச்சா?”

“இல்ல.”

“அப்ப நான் எதுக்கு?”

பாட்டே வருவதில்லை என்று சொன்னேன். யாரிடமும் சொல்லாததை அவனிடம் சொன்னேன். அவன் எனக்காக இரங்குவான் என்று எதிர்பார்த்தேன் போலிருக்கிறது. “எப்புடிரா வரும்?” என்று கத்தினான். “நான் ஒரு எடத்துல தப்பா அடிப்பேன். நீ என்னையத் திட்டுவ. நான் ஒன்னையத் திட்டுவேன். அதுல ஒரு பாட்டு வரும். சண்ட போடாம நம்ம ஒரு பாட்டுப் போட்டிருக்கோமா? அந்த மெசினு ஒன்னைய என்னா திட்டப் போவுது? நீ அமுக்குறதுக்கெல்லாம் சரிங்க தொரன்னு ஆடும்.”

அதற்கடுத்த ஞாயிறு என்னைப் பார்த்ததும் கதவைச் சாத்தினான். மூன்றாவது ஞாயிறும் வாசலிலேயே வாய்ச்சண்டை. அவன் பெண்சாதி சுப்பம்மா உள்ளேயிருந்து தபேலாவைத் தூக்கி வந்து படியில் வைத்து, “புள்ள படிக்குது. ரெண்டு பேரும் அங்கிட்டுப் போய்ச் சண்ட போடுங்க” என்று சொல்லிவிட்டாள்.

நாங்கள் கொழுந்து நிறுக்கும் பழைய மடுவத்துக்குப் போனோம். அன்றைக்குத்தான் பார்த்தேன், அவன் வலது கையில் ஒரு விரல் மடங்கவில்லை. குழியில் பலகை விழுந்ததாம். அதனால் ஒரு அடி அரை மூச்சுப் பிந்தி விழுகிறது. பிந்துகிறது என்று நான் சொல்ல, அவனுக்கு ஆத்திரம் வந்துவிட்டது. தபேலாவை ஓங்கி அடித்துக்கொண்டே கேட்டான்: “பிந்துதா? காலையில ஆறு மணிக்கு நின்னேன்டா. நெழலு காலோட ஒட்டுற வரைக்கும் நின்னேன். நின்னேன், நின்னேன், நின்னுக்கிட்டே இருந்தேன்!”

அந்தச் சொல்லும் அந்தப் பிந்திய அடியும் சேர்ந்து விழுந்தன. என் கை கிட்டாரில் தானாகப் போனது. மூன்று வருடம் அடைத்துக் கிடந்தது அங்கேதான் திறந்தது. வெட்கம் கெட்டவன் நான், அவன் என்னைத் திட்டிக்கொண்டிருக்கும்போதே அதற்கு மெட்டுப் போட்டேன். அவன் கவனித்துவிட்டான். “என் வயித்தெரிச்சல்லயும் பாட்டுப் போடுறியா?” என்று கேட்டு எழுந்து வாசல் வரைக்கும் போனான். பிறகு திரும்பி வந்து உட்கார்ந்து, “ரெண்டாவது வரி சரியில்ல” என்றான். பொழுது சாய்வதற்குள் பாட்டு முடிந்தது.

உங்கள் கேம்பில் எல்லோரும் அழுத பாட்டு அதுதான். லீவுக்குக் காத்திருப்பவனின் பாட்டு என்று அவர்களிடம் விளக்கம் சொன்னீர்களாமே. அது இருளப்பன் சந்தியில் நின்ற வெயில், அண்ணன். அந்த வெயிலில் உங்களுக்கும் எனக்கும் சரிபாதி உண்டு. அதை உங்கள் கீபோர்டின் கணக்கில் சேர்த்துவிட்டீர்கள் என்று கேட்டபோது போனை உடைக்கலாம்போல இருந்தது.

இருளப்பன் என்னை மன்னித்துவிட்டான் என்று நினைக்க வேண்டாம். வாசிக்க மட்டும் வருகிறான். அதற்கும் ஒரு நிபந்தனை போட்டான். ஜனவரிக் கல்யாணத்துக்குப் போகும்போது வேனை அதே தேநீர்க்கடையில் நிறுத்தி, நான் இறங்கி, ஆட்கள் பார்க்க அவன் தபேலாவை வாங்கி ஏற்ற வேண்டும் என்றான். ஏற்றினேன். வழி நெடுக அவன் என்னோடு பேசவில்லை. மேடையில் மட்டும் பேசினான், அதுவும் திட்டுத்தான். இப்போது மார்கழியிலிருந்து மூன்று பாட்டு ஆகிவிட்டது.

முதல் கீபோர்டை விஜயகலா டீச்சரிடம் கொடுத்துவிட்டேன், பிள்ளைகள் பழகுகிறார்கள். மற்ற இரண்டும் அம்மாவின் கட்டிலுக்குக் கீழே இருக்கின்றன. அவற்றின் மேல் எனக்குக் கோபம் கிடையாது. ஆனால் மக்கீனிடம் எதுவும் கொடுத்தனுப்ப வேண்டாம். கொடுத்தால் பிரிக்காமல் அவர் கையிலேயே திருப்பி அனுப்புவேன். பிரித்தால் எனக்கு மறுபடி அந்த ஆசை வந்துவிடும், என்னை எனக்குத் தெரியும். ஏழு வருடமாக நீங்கள் வர வேண்டிய ஒவ்வொரு லீவுக்கும் ஒரு பெட்டிதான் வந்தது. பெட்டி வரும்போதெல்லாம் அம்மா உங்கள் கையெழுத்து இருக்கிற பக்கத்தைக் கத்தரித்து வைத்துக்கொள்கிறார். அதை நான் உங்களிடம் சொல்லக்கூடாது என்று சொல்லியிருக்கிறார்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். போனை வைக்கும் முன் அந்தப் பாட்டை இரண்டு வரி பாடிக் காட்டினீர்கள். சரணத்தில் மேலே போக வேண்டிய இடத்தில் கீழே இறங்கினீர்கள். பிழை. சின்ன வயதிலிருந்து என் எல்லாப் பாட்டிலும் இதே பிழையைத்தான் செய்கிறீர்கள், எத்தனை தடவை சொன்னாலும் திருந்தவே மாட்டீர்கள். ஒரு வாரமாக எனக்கும் அந்த இடம் அப்படித்தான் வாயில் வருகிறது. இருளப்பன் கேட்டுவிட்டு, “இது யார் பாடுற மாதிரிடா இருக்கு?” என்றான். அவனே அந்த இடத்தை மறுபடி அடித்தான்.

அந்த இடத்தைப் போனில் திருத்த முடியாது. நேரில் நின்று பாடினால்தான் என்னால் உங்களைத் திட்ட முடியும். இருளப்பனும் உங்களுக்கென்று கொஞ்சம் வைத்திருக்கிறான்.

வெயிலில் வேலை செய்யும்போது தலையில் துணி போட்டுக்கொள்ளுங்கள். குளிர்ந்த தண்ணீர் குடிக்க வேண்டாம். கர்த்தர் உங்கள் தொண்டையைக் காக்கட்டும்.

தம்பி,
எட்வின்