இறக்கை நிழலில் கேட்ட கேள்வி

புதுத் துணியின் கஞ்சி வாசனை இன்னும் என் மேல் இருக்கிறது. உங்கம்மா வாங்கித் தந்த சட்டை. நேற்றுச் சாயங்காலம் அத்தையே வந்து மேசைமேல் வைத்துவிட்டு, "நாளைக்கு இதையப் போட்டுக்கங்க மாப்பிள்ளை" என்று சொல்லிப் போனார்கள். நீ போன பிறகு நான் புதுத் துணி உடுத்தவில்லை. பழைய போர் விமானங்களை வரிசையாக நிறுத்தி வைத்திருக்கும் அருங்காட்சியகத்தைப் பார்க்கப் போவதற்குப் புதுச் சட்டை எதற்கு? அங்கேயே எனக்குச் சந்தேகம் தொடங்கிவிட்டது.

"உங்களுக்கு எதுலதான் சந்தேகம் வரல?" என்று நீ கேட்பாய். பம்ப் கம்பெனியில் தரப் பரிசோதனை செய்கிறவனுக்குச் சம்பளமே அதற்குத்தான் என்பேன். "இட்லியக் கையில குடுத்தாக்கூட வட்டமா இருக்குதான்னு அளந்து பாத்துட்டுத்தான் திம்பீங்க" என்பாய். காரமடைக் கோயில் மண்டபத்தில் நம்மை முதன்முதலாகப் பேச விட்ட அன்றும் இப்படித்தான். என்ன வேலை என்று கேட்டாய். பம்பில் குறை கண்டுபிடிக்கிற வேலை என்றேன்.

"கண்டுபுடிச்சு?"

"திருப்பி அனுப்பிருவேன்."

"அப்ப நான் சித்தத் தள்ளியே உக்காந்துக்கறனுங்க" என்று நகர்ந்து உட்கார்ந்தாய். தூணுக்கு அந்தப் பக்கம் உங்கப்பா இருமியது சிரிப்பை மறைக்கத்தான் என்று பிறகு சொன்னாய்.

இன்று எனக்கிருந்த சந்தேகம் சும்மா வந்ததில்லை. உன் காரியத்தன்றே சமையல்கட்டில் ஒரு பேச்சு என் காதில் விழுந்தது. "கொழந்தையும் இல்ல, வயசும் கெடக்குது. சின்னவதான் இருக்கறாளே, வெளிய எதுக்குப் பாக்கோணும்?" யார் சொன்னது என்று தெரியவில்லை. மறுத்தும் யாரும் பேசவில்லை. அக்கா போனால் தங்கையைக் கொடுப்பது நம் பக்கத்தில் புதுசா என்ன? அன்றிலிருந்து உங்கள் வீட்டிலிருந்து எது வந்தாலும், குழம்புப் பாத்திரம் வந்தால்கூட, அதன் பின்னால் என்ன இருக்கிறது என்று பார்த்தேன்.

காலையில் கார் கதவைத் திறந்ததும் அத்தை உன் தங்கையை முன் சீட்டில் உட்காரச் சொன்னார்கள். நீ உட்காருகிற இடம். மயில்கழுத்து நிறத்தில் பட்டுச்சேலை, தலை நிறைய மல்லிகை. வெயிலில் விமானம் பார்க்கப் பட்டா? பின்னால் மாமா மடியில் ஒரு பையை அணைத்துக்கொண்டிருந்தார். என்ன என்று கேட்டேன். "ஒண்ணுமில்லீங் மாப்பிள்ளை" என்றார். உக்கடத்தைத் தாண்டிச் சூலூர்ப் பக்கம் போய்ச் சேரும்வரை யாரும் வேறெதுவும் பேசவில்லை.

சூலூர் வந்தாலே நீ ஸ்கூட்டரை ஓரங்கட்டச் சொல்வாய். மேலே சீறிக்கொண்டு ஒன்று போகும். நான் சத்தம் வந்த திசையில் தேடுவேன். என் தாடையைப் பிடித்துத் திருப்புவாய். "சத்தத்துல என்ன இருக்குது? அதுக்கு முன்னால பாருங்க." எனக்கு என்ஜின் தெரியும். விமானம் இருக்கிற இடம் உனக்குத்தான் தெரியும்.

இங்கே நிற்பவை சத்தம் போடுவதில்லை. சக்கரத்தில் பாரம் இறங்காதபடி இரும்புத் தாங்கிகளில் தூக்கி நிறுத்தியிருக்கிறார்கள். காற்று உறிஞ்சும் வாயில் குருவி கூடு கட்டாமல் இருக்க வலை. ஒரு சண்டை விமானத்தின் வயிற்றில் ரிவெட் ஆணி எல்லாம் தகட்டோடு தகடாகத் தட்டையாக இருக்க, ஒரு துண்டில் மட்டும் தலை புடைத்திருந்தது. பறந்த காலத்தில் அடிபட்டு மாற்றியிருப்பார்கள். உன்னிடம் சொல்லத் திரும்பினேன். உன் தங்கை நின்றுகொண்டிருந்தாள். அத்தையும் மாமாவும் வேண்டுமென்றே பின்தங்கியிருந்தார்கள்.

நான் முந்திக்கொண்டேன். "இதபாரு. எம்மேல கோவம் வந்தாலும் செரி. இது நடக்காது. அவங்க சொல்றாங்கன்னு நீ தலையாட்டாத."

"எது மச்சான் நடக்காது?"

"நம்ம கல்யாணம்."

என்னை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு சிரித்தாள். கேட்டில் நின்ற காவலாளி திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சிரிப்பு. "அய்யோ மச்சான்! அக்கா சுடிதாரையே நான் வாங்கிப் போட்டதில்ல. அக்கா புருசனையா வாங்கிக்குவேன்?" சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்தது. அதைத் துடைக்கும்போது சிரிப்பு நின்றிருந்தது. "என்னையப் பாக்க இன்னிக்கு மாப்பிள்ளை ஊட்டுக்காரங்க வாராங்க. உங்ககிட்டச் சொல்லலீங்களா?"

"ஆரும் சொல்லல. பொண்ணு பாக்கறது இங்கயா?"

"வருசம் திரும்பாம ஊட்டுல நல்ல காரியம் பேசக்கூடாதாமா. கோயிலுக்கும் போகக்கூடாது. ஷாப்பிங் மாலுன்னா அம்மாவுக்கு ஆகாது. ஏரோப்ளேன்னா மச்சான் வருவாருன்னு நான்தான் சொன்னேன்."

"அப்ப அந்த முன்சீட்டு?"

"பின்னால உக்காந்தா எனக்கு வாந்தி வரும். அக்கா சொன்னதில்லியா?"

சொல்லியிருக்கிறாய். ஊட்டிக்குப் போனபோது இவளுக்காக வண்டியை நிறுத்தி நிறுத்திப் போனது அப்போதுதான் நினைவு வந்தது.

அந்த நிம்மதி, கேட்டில் வந்து இறங்கியிருந்த மாப்பிள்ளை வீட்டார் உள்ளே வரும் வரைதான். பையன், அவன் அம்மா, ஒரு சித்தப்பா. அவிநாசியில் நூல் வியாபாரமாம். அந்த அம்மா பெண்ணைப் பார்ப்பதற்கு முன்னால் என்னைப் பார்த்தார்கள். "இவருதானுங்களா?" என்று அத்தையிடம் கேட்டார்கள். கம்பெனிக்கு வருகிற பம்ப் வார்ப்படத்தை நான் புரட்டிப் பார்க்கிற மாதிரி தலையிலிருந்து கால்வரை பார்வை ஓடியது. "நெம்பச் சின்ன வயசா இருக்கறாரே" என்றார்கள். அத்தை என் சட்டைக் காலரைச் சரிசெய்தார்கள். பெண் பார்க்கிற இடத்தில் எனக்கென்ன வேலை? மாமா பையிலிருந்த இனிப்புப் பெட்டியை வெளியே எடுத்தபடி, "மாப்பிள்ளை, தம்பிக்கு இதெல்லாம் சித்தக் காட்டீட்டு வாங்க" என்றார். பெண்ணை விட்டுவிட்டுப் பையனை என்னோடு அனுப்புகிறார்கள்.

காற்றாடி வைத்த பெரிய சரக்கு விமானத்தின் இறக்கைக்குக் கீழே நிழல் இருந்தது. நான் காற்றாடியைப் பற்றிச் சொன்னேன். அவன் அதைப் பார்க்கவே இல்லை. நிறுத்திவிட்டேன்.

"என்ன கேக்கோணும், கேளுங்க."

கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தான். "தப்பா நெனைக்காதீங்க. எங்க பக்கம் ஒரு பேச்சு வந்துச்சுங்க. அந்தப் புள்ளைய உங்களுக்குன்னு வெச்சிருந்தாங்க, நீங்க வேண்டாம்னதாலதான் வெளிய பாக்கறாங்கன்னு. அதுக்கு மேலயும் எதாச்சும்..." கைக்குட்டையை மடித்தான். "உங்களப் பாத்துப் பேசாம அம்மா செரின்னு சொல்ல மாட்டேன்னுட்டாங்க. உங்க மாமாகிட்டச் சொன்னமுங்க."

இதற்குத்தானா சட்டை. இதற்குத்தானா மௌனம். திரும்பிப் பார்த்தேன். மாமா தூரத்தில் ஒரு பலகையை ரொம்ப நேரமாகப் படித்துக்கொண்டிருந்தார். அதில் ஆங்கிலத்தில் மட்டும்தான் எழுதியிருந்தது. அவருக்கு ஆங்கிலம் வராது.

கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. நீ போனதிலிருந்து எதுவும் வந்து சேருவதில்லை. ஆனால் ஒன்று தெரிந்தது. நான் வாயைத் திறந்து சொல்வதில்தான் உன் தங்கையின் பேர் தொங்கிக்கொண்டிருக்கிறது. தங்கச்சி மாதிரி என்று சொல்லிவிடலாம், சுலபம். அவள் எனக்குக் கட்டிக்கொள்கிற முறை என்பது அவனுக்கும் தெரியும். அது பொய்யாகத்தான் கேட்கும்.

"முறைதானுங்க. அதனால பேசறாங்க. ஆனா ஆரும் என்னையக் கேக்கல. நானா நெனச்சுக்கிட்டு இப்பத்தான் அவகிட்ட வேண்டாம்னேன். அதுக்குத்தான் சிரிச்சா."

"வாசக் கேட்டு வரைக்கும் கேட்டுச்சுங்க. அந்தச் சிரிப்பு அவங்களா?"

"அவதான். வேற எதுவும் இல்ல, இருந்ததும் இல்ல. நான் இன்னும் அவங்கக்காவோடதானுங்க குடியிருக்கேன்."

அவன் தலையைக் குனிந்துகொண்டான். "மன்னிச்சுக்கங்க" என்றான்.

"ஒண்ணே ஒண்ணு. இந்தக் கேள்விய இந்த எடத்துலயே உட்டுருங்க. அவகிட்ட ஒருநாளும் கேக்கக்கூடாது. சண்டையிலகூட."

"கேக்க மாட்டனுங்க. அம்மாவையும் கேக்க உட மாட்டேன்."

அவன் முகத்தை நான் பார்த்த மாதிரி எந்தப் பம்பையும் பார்த்ததில்லை. மனுசனை அளக்க என்னிடம் கருவி இல்லை. ஆனால் இவன் வியர்த்துக்கொண்டாவது நேராக வந்து என்னிடம் கேட்டான். நான் காரியத்தன்றிலிருந்து சந்தேகப்படுகிறேன். ஒருவரிடமும் ஒரு வார்த்தை கேட்டதில்லை.

அதற்குப் பிறகுதான் அவனும் அவளும் பேசினார்கள், பெரியவர்கள் பார்க்கிற தூரத்தில். அவள் எதையோ கேட்டாள், அவன் திணறினான், அவள் மறுபடி சிரித்தாள். அந்த அம்மா என்னிடம் இனிப்பை நீட்டினார்கள். இந்தமுறை என் சட்டையைப் பார்க்கவில்லை.

மாமா பக்கத்தில் வந்து, "எப்பிடிங்க மாப்பிள்ளை?" என்றார்.

"குடுக்கலாமுங்க மாமா."

"உங்ககிட்ட எப்பிடிச் சொல்றதுன்னே தெரியலீங்க." என் கண்ணைப் பார்க்காமல் சொன்னார். "மூத்த மாப்பிள்ளை சொன்னாத்தான் ஆகும்னு நானும் சொல்லீட்டேன்."

மூத்த மாப்பிள்ளை. நீ இல்லாமலும் அந்த இடம் எனக்கு இருக்கிறதா என்பது, யோசித்துப் பார்த்தால், நான் யாரிடமும் கேட்காமல் வைத்திருந்த இன்னொரு சந்தேகம்.

திரும்பும்போது உன் தங்கை முன் சீட்டில் காலை மடித்து உட்கார்ந்துகொண்டு, "அத்தன நேரம் என்ன பேசுனீங்க மச்சான்? என்னையப் பத்தி என்ன கேட்டாரு?" என்றாள்.

பின் சீட்டில் அத்தையின் வளையல் சத்தம் நின்றது.

"ஏரோப்ளேன் எப்பிடிப் பறக்குதுன்னு கேட்டான்."

"அதுக்கா அத்தன நேரம்? மக்குங்களா?"

"இல்ல. நல்ல பையன்."

அவள் ஜன்னலை இறக்கிவிட்டு வெளியே பார்க்க ஆரம்பித்தாள். கண்ணாடியில் அத்தையைப் பார்த்தேன். முந்தானையால் வாயை மூடியிருந்தார்கள்.

அவன் கேட்டது எனக்கும் மாமாவுக்கும் அத்தைக்கும் தெரியும். அவளுக்கு மட்டும் தெரியாது. தெரியவும் கூடாது. கல்யாணத்தன்று நான் பந்தலில் நிற்பேன், வாங்க வாங்க என்று எல்லோரையும் கூப்பிடுவேன், அப்போதும் அது என்னிடம் இருக்கும். வீட்டுக்கு வந்து கதவைச் சாத்தியதும் யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. அதனால்தான் இதை எழுதுகிறேன். உன்னிடம் சொன்னால் நம் வீட்டைத் தாண்டிப் போகாது.