இரண்டு பிளஸ்

வொன்ஜு,
நவம்பர் 9

அன்பு மகள் ஹேவொனுக்கு அப்பா எழுதுவது. நான் நலமாக இருக்கிறேன், அம்மாவும் நலம் என்று அம்மாவே சொல்கிறாள். டொரொண்டோ குளிரில் நீயும் மாப்பிள்ளையும் எப்படி இருக்கிறீர்கள்? போனில் கேட்டால் சிரித்து மழுப்பிவிடுகிறாய், அதனால்தான் கடிதம். அம்மா வயிற்றுக் கட்டியிலிருந்து சதை எடுத்துச் சோதித்தார்களே, அந்தத் தாளில் ஹெர்-2 என்று ஏதோ புரதம், அதற்கு நேரே 2+ என்று இருந்தது. என்னவென்று கேட்டதற்கு, "மாட்டுக்கறிக்கு ரெண்டு பிளஸ் போடறாங்கல்ல, அந்த மாதிரிதாங்க, முதல் தரம்" என்றாள் உன் அம்மா. நடுநிலைப்பள்ளியோடு நின்றவனுக்கு அது போதாதா. டாக்டர் ஆபரேஷனும் வேண்டாம் என்றுவிட்டதாகச் சொன்னாள், நான் சந்தோஷத்தில் செருப்புக் கடையைப் பூட்டிவிட்டுச் சந்தைக்கே அரிசி கேக் வாங்கிக் கொடுத்தேன். கறிக்கடை ப்யோ மட்டும், "அண்ணே, முப்பது வருசமா கறி வெட்டறேன், பொண்டாட்டிக்குத் தரம் போட்டு இன்னைக்குத்தான் கேக்கறேன்" என்றான். எதற்கும் சிரிக்கிறவன் சிரிக்காமல் சொன்னான். அங்கேதான் எனக்குச் சந்தேகம் தட்டியது.

அவன் மகள் நர்ஸ் அல்லவா, அவளைப் பிடித்தேன். "பெரியப்பா, அது தரமில்ல. அந்தப் புரதம் நிறைய இருக்கா இல்லையான்னு இதுல சொல்ல முடியலன்னு அர்த்தம். இன்னொரு டெஸ்டுக்கு அனுப்பியிருப்பாங்க. இருந்தா அதையே குறிவச்சு அடிக்கிற மருந்தும் சேர்த்துத் தரலாம்" என்றாள். ஆபரேஷன் ஏன் வேண்டாமாம் என்றதற்கு, "பரவிட்டா வெட்டிப் பிரயோசனமில்லன்னு விட்டுடுவாங்க" என்று தன் காலணியைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். மருந்துக்கடையில் வேலை பார்க்கிற உனக்கு இது தெரியாதா? மாட்டுக்கறிக் கதையைச் சொன்னபோது நீ கொஞ்சம் அதிக நேரம் சிரித்தாய். நீயும் அம்மாவுமாகத்தான் என்னை ஏமாற்றியிருக்கிறீர்கள். கோபமில்லை, சுலபமாக ஏமாறுகிறவன்தானே நான்.

இந்த வாரம் அம்மா எனக்குத் துணி துவைக்கிற மெஷினைக் காட்டித்தருகிறாள், கிம்ச்சிக்குக் கோசில் உப்புப் போடச் சொல்லித்தருகிறாள். "இதைக்கூடக் கத்துக்கலன்னா என்னங்க பண்ணப் போறீங்க" என்கிறாள். முப்பத்தாறு வருஷமாக அடுப்படிக்குள் விடாதவளுக்கு இப்போது என்ன அவசரம்? இருபது கோசையும் உப்பில் மூழ்கடித்துவிட்டேன், வேண்டுமென்றேதான். பழைய குரலில் திட்டினாள், கேட்க நன்றாக இருந்தது. நான் கற்றுக்கொண்டால் அவளுக்கு வேலை முடிந்துவிடுமே, அதனால் கற்றுக்கொள்வதாக இல்லை.

இருவரும் நோய்நொடி இல்லாமல் நீடூழி வாழுங்கள், வேளைக்குச் சாப்பிடுங்கள். பத்தொன்பதாம் தேதி அந்த டெஸ்ட் முடிவு வரும். உனக்கு முதலில் தெரிந்தால் பிளஸ் மைனஸ் எல்லாம் வேண்டாம், ஆமாம் அல்லது இல்லை என்று எனக்குச் சொல். எனக்கு விஷயம் தெரியும் என்று மட்டும் அம்மாவிடம் மூச்சுவிடாதே. என்னிடம் மறைக்க வேண்டும் என்பதற்காகத்தான் காலையில் எழுந்து தலை வாரிக்கொள்கிறாள்.

உன் அப்பா,
பியோங்சு