எத்தனை கோடு போட்டாய், மச்சான்?

என் உயிர் மச்சான் அன்வருக்கு,

நம் கார் ஓடத் தயாராகிவிட்டது. உன் அத்தா டாக்சியாக ஓட்டிய அதே பழைய கார்தான், ஆனால் உள்ளே பிஸ்டன் கிடையாது. நீ வரைந்து வைத்த அளவுப்படி பிஸ்டனுக்குப் பதிலாகச் சுற்றும் மூன்று முனை ரோட்டரைக் கடைந்து முடித்து, போன வாரம் இன்ஜினைக் கிளப்பினேன். மூக்கண்டப்பள்ளி பட்டறைக்காரர்கள் பாதிப் பேர் வேலையைப் போட்டுவிட்டு வந்து நின்றார்கள். பானட் மேல் வைத்த டீ சிந்தவில்லை. உன் மகள் ஷமீமா அழுதுவிட்டாள்.

இப்போது எனக்குப் பயமாக இருக்கிறது மச்சான்.

முந்தாநாள் ஆயுத பூஜை. மண்ணெண்ணெய்த் துணியால் லேத்தைத் துடைத்துக்கொண்டிருந்தேன். பாதியில் கை நின்றுவிட்டது. போன வருடப் பூஜைக்கு இப்படித்தானே காரின் அடிச்சட்டத்தை, அந்தச் சேசிஸையும் துடைத்தேன்?

நம் வழக்கம் உனக்குத் தெரியாததா? சட்டங்களை முதலில் பொட்டுப் பொட்டாகப் பற்றவைத்து நிறுத்துவோம். அப்படி அரைகுறையாக நிற்கும் ஒவ்வொரு மூட்டிலும் நீ சாக்பீஸால் ஒரு கோடு போடுவாய். நான் முழு வெல்டிங் முடித்தபிறகுதான் அந்தக் கோட்டை அழிப்பேன். கோடு இல்லையென்றால் வேலை முடிந்தது. அதைப் பற்றி நாம் பேசிக்கொண்டதே இல்லை.

அன்று நீ பொரி வாங்கப் போயிருந்தாய். சாமி கும்பிடும்போது வண்டி அழுக்காக இருக்கக் கூடாதென்று நான் சேசிஸை முழுக்கத் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்தேன். உன் கோடுகளும் அதோடு அழிந்துபோனதை யோசிக்கவே இல்லை. மிச்ச வெல்டிங்கைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று மறுநாள் குந்தாரப்பள்ளிக்கு, மாமனார் வீட்டுக்குப் போய்விட்டேன். நான்கு நாளில் நீ மூட்டுகளுக்கெல்லாம் பட்டி பூசித் தேய்த்து, கறுப்புப் பெயிண்ட் அடித்து முடித்திருந்தாய். நான் திரும்பிய அன்று காலையில் உன் இதயம் நின்றுபோனது.

நான் முடிக்காமலா கோட்டை அழித்திருப்பேன் என்று நீ நினைத்தாய். நீ பார்க்காமலா பெயிண்ட் அடித்திருப்பாய் என்று நான் நினைத்தேன். அந்த நினைப்பில்தான் ஒரு வருடம் அதன் மேல் எல்லாவற்றையும் பூட்டினேன்.

பிஸ்டன் இன்ஜின் என்றால் மூட்டு விட்டதை உதறியே காட்டிக்கொடுக்கும். இது நோகாமல் சுற்றுகிறது, ஒன்றும் சொல்லாது. ஷமீமாவோ, “வெள்ளிக்கிழமை அம்மாவ கூட்டிக்கிட்டு சானமாவு காட்டு வழியா ஒரு ரவுண்டு போய்ட்டு வரேன் மாமா” என்று நாள் குறித்துவிட்டாள்.

நேற்று அவளிடம் சொல்லிவிட்டேன்.

“எத்தன இடம் மாமா?”

“தெரியலம்மா. அஞ்சா ஆறான்னு ஞாபகம் வரல. உங்கத்தாவுக்குத்தான் தெரியும்.”

“அப்ப எல்லாத்தையும் சுரண்டிப் பாக்கணுமா? அது அத்தா கடைசியா அடிச்ச பெயிண்ட்டு மாமா.”

அவளே போய் ஸ்பானரை எடுத்து வந்தாள்.

இன்று காலை இன்ஜினைக் கழற்றிச் செயினில் தொங்கவிட்டு, அது உட்காரும் குறுக்குச் சட்டத்தை முதலில் சுரண்டினேன். பட்டிக்கு அடியில் மூன்றே பொட்டு. அதில் ஒன்று தலைமயிர் அளவுக்கு விட்டிருந்தது. நின்ற இடத்தில் பத்து நிமிடம் ஓடியதற்கே இது. அம்மாவும் மகளும் உள்ளே உட்கார்ந்து போயிருந்தால்? அதற்குமேல் நினைக்கத் தைரியம் இல்லை.

மாலைக்குள் நான்கு மூட்டு கண்டுபிடித்தேன். நான்கோடு முடிந்ததா? உன் மேல் கோபம்கூட வருகிறது. ஒரு போன் போட்டுக் கேட்டிருக்கக் கூடாதா? நான் மட்டும் என்ன, துடைத்ததைச் சொன்னேனா?

பின் சக்கரத்துப் பக்கம் ஒரு மூட்டில், காயாத பெயிண்டில் உன் கட்டைவிரல் பட்டிருக்கிறது. ரேகை அப்படியே தெரிகிறது. “அத மட்டும் உட்ருங்க மாமா” என்று கேட்டாள் ஷமீமா. நான் பட்டறையைப் பூட்டிவிட்டு வந்துவிட்டேன்.

மன்னித்துவிடு மச்சான். நாளைக் காலையில் அதையும் சுரண்டிவிடுவேன்.

உன் மச்சான்,
ஷமீமாவுக்கு மாமன்,
முனிராஜ்