கடைசிப் பாட்டுக்கு முன் கிளம்பிய பைக்

இவர்களுக்கு வெட்கமே கிடையாதா? காலையில் பல் தேய்த்துக்கொண்டிருந்தபோது போனில் செய்தி வந்தது. நாம் உயிரை விட்டுக் கேட்ட அந்த ராக் பேண்ட் மறுபடியும் புனேவுக்கு வருகிறதாம். அதே கராடி மைதானம். நீ போய் எட்டு மாதம்தான் ஆகிறது. ஒரு வருடம் முன்னால் வருவதற்கு இவர்களுக்கு என்ன கேடு? வாயில் நுரையோடு அவர்களைத் திட்டினேன். பிறகு உன்னைத் திட்டினேன். முதல் வசவே உனக்குத்தான் வந்திருக்க வேண்டும்.

பதினாறு வயதில், இங்கே கட்கி ஃபேக்டரி குவார்ட்டர்ஸில், உன் வீட்டு டேப்ரெக்கார்டரில் அவர்களைக் கேட்க ஆரம்பித்தோம். வரிகள் பாதி புரியாது; அப்படியும் அதில் ஒன்றை 'நம்ம பாட்டு' என்று வைத்துக்கொண்டோம். சத்தம் தாங்காமல் பக்கத்து வீட்டு மராத்திக் காக்கு மாமி சுவரைத் தட்டுவார். நீ அதையும் தாளத்தில் சேர்த்துக்கொண்டு தலையை ஆட்டுவாய். என்றைக்காவது நேரில் பார்க்க வேண்டும், இரண்டு பேரும் சேர்ந்துதான் பார்க்க வேண்டும் என்று அப்போதே முடிவு செய்திருந்தோம்.

நமக்கு நரை விழுந்த பிறகு ஒருவழியாக வந்தார்கள். இரண்டு டிக்கெட்டையும் நீதான் வாங்கினாய், உன் போனிலேயே வைத்துக்கொண்டாய். என்னுடையதை அனுப்பச் சொன்னேன்.

"ரெண்டு பேரும் ஒண்ணாத்தானே போறோம், உனுக்கு இன்னாத்துக்குடா தனியா?" என்றாய்.

உன் ஃபேக்டரிக்குள் போன் கொண்டுபோகக் கூடாது. கேட்டில் கொடுத்துவிட்டுப் பித்தளை டோக்கன் வாங்கிக்கொள்வாய். வெளியே வரும்போது டோக்கனைக் கொடுத்துப் போனை வாங்குவாய். பதினெட்டு வருடமாகத் தினமும் செய்த காரியம். அன்றைக்குப் பார்த்து, உள்ளேயே கறுப்பு டி-ஷர்ட்டுக்கு மாறி, சீக்கிரம் கிளம்ப அனுமதி வாங்கி, குதித்துக்கொண்டு ஓடிவந்து என் பைக்கில் ஏறினாய். வழியெல்லாம் என் முதுகில் டிரம்ஸ் வாசித்தாய்.

மைதான வாசலில் காவலாளி, "தாதா, டிக்கெட் தாக்வா" என்று டிக்கெட்டைக் காட்டச் சொன்னார். நீ பாக்கெட்டில் கைவிட்டு டோக்கனை எடுத்தாய்.

அந்த முகத்தை நான் மறக்கவில்லை. என் போனில் டிக்கெட்டைத் திறக்கப் பார்த்தோம். ஓடிபி உன் போனுக்குப் போனது. போன் கட்கியில் ஃபேக்டரி கேட்டில் பெட்டிக்குள் படுத்திருந்தது. அந்த டிராஃபிக்கில் போய்த் திரும்பினால் கச்சேரியே முடிந்துவிடும். காவலாளியிடம் மராத்தியில் கெஞ்சினோம், ஹிந்தியில் கெஞ்சினோம். அவர் அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

நீயாவது தலையில் அடித்துக்கொண்டு அழுதிருக்கலாம். நீயோ இரண்டு வடாபாவ் வாங்கி, மதில் சுவரோரம் போய் உட்கார்ந்து, ஒன்றை என்னிடம் நீட்டினாய். உள்ளே முதல் பாட்டு தொடங்கியது.

"கேக்குதுல்ல? அப்புறம் இன்னாடா?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அத்தனை வருடம் காத்திருந்தது சுவரைப் பார்க்கவா? மூன்றாவது பாட்டில் பைக்கைக் கிளப்பினேன். "இருடா, நம்ம பாட்டு இன்னும் வரல" என்று நீ கத்தினாய். திரும்பிப் பார்க்கவில்லை. போன்கூட இல்லாத உன்னை அங்கேயே விட்டுவிட்டு வந்தேன்.

இரண்டு பஸ் மாறி வீடு சேர்ந்திருக்கிறாய். மறுநாள் காலை என் வாசலில் நின்று, "கடைசியா நம்ம பாட்டுதான்டா. நீ இருந்திருக்கணும்" என்றாய். கதவைச் சாத்தினேன். மூன்று மாதம் கழித்துப் பேச ஆரம்பித்தோம். அந்த மாலையைப் பற்றி மட்டும் பேசவே இல்லை. பேசலாம், என்ன அவசரம் என்றிருந்தேன். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ஒரே நாளில் போய்விட்டாய். இதிலும் உனக்கு அவசரம்தான்.

நீ போனை மறந்ததால்தான் அவர்களைப் பார்க்க முடியாமல் போயிற்று என்று எல்லோரிடமும் சொல்லி வந்தேன். உண்மைதான். ஆனால் உன் பக்கத்தில் உட்கார்ந்து நம் பாட்டைக் கேட்க முடியாமல் போனதற்கு உன்னைக் குற்றம் சொல்ல முடியவில்லை. அந்த எரிச்சல்தான் இன்று காலையிலிருந்து அடங்க மாட்டேன் என்கிறது.

இந்த முறை டிக்கெட் வாங்கப் போவதில்லை. அதே சுவரோரம் போய் உட்காரப் போகிறேன். வடாபாவ் இரண்டு வாங்குவேன், உன் பங்கையும் நானே தின்பேன், உன்னைத் திட்டிக்கொண்டேதான் தின்பேன். கடைசிப் பாட்டு முடியும்வரை பைக் சாவியைத் தொட மாட்டேன்.